ஒன்பது என்று போட்டிருந்த பதினொரு பேர்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் நிறுத்திவிட்டு லைக் மட்டும் போட்டுப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான் இருந்தீர்கள். இந்த ஒரு தடவை முழுசாகப் படியுங்கள். டிசம்பர் முதல் வாரத்தில் நம் கட்டணக் கைமாற்று நிதியிலிருந்து பாக்கி கேட்டு யாருக்கெல்லாம் மெயில் வந்ததோ, அவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். தப்பு என்னுடையது. எப்படி நடந்தது என்று சொல்லாமல் வெறுமனே மன்னிப்பு மட்டும் கேட்டால், வழி எழுதாமல் விடை மட்டும் எழுதிய மாதிரி இருக்கும். அதற்கு நான் யாருக்கும் மார்க் போட்டதில்லை.

நிதியைப் பற்றித் தெரியாத சொந்தக்காரர்களுக்காக இரண்டு வரி. 2012-இல் என்னிடம் படித்த பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஆரம்பித்தது. காலேஜ், பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. எதுவாக இருந்தாலும் முதல் வருஷக் கட்டணம் கட்ட முடியாமல் நிற்கும் பிள்ளைக்குக் கைமாற்று. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. வேலைக்குப் போன பிறகு முடிந்தபோது முடிந்ததைக் கட்டலாம். முதல் வருஷம் முழுக்க ஒரு நீள நோட்டில் என் கையெழுத்தில்தான் கணக்கு இருந்தது. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் பணம் போட்டுவிட்டு "டீச்சர், வந்துச்சா, வந்துச்சா" என்று ராத்திரி பதினொரு மணிக்கு ஃபோன் பண்ண ஆரம்பித்ததும், 2013-இல் நம்ம பையன் ஒருவன் இணையதளம் செய்து கொடுத்தான்.

அவன் பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வான். நல்லாம்பட்டிப் பையன். அப்பாவுக்குப் பூட்டுப் பட்டறை. பத்தாம் வகுப்பில் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எப்போதும் மாங்காய்ப் பூட்டு வரைந்துகொண்டிருப்பான். உள்ளே லீவர் எப்படி விழுகிறது என்று வெட்டுத்தோற்றம் போட்டிருப்பான். நான் அதைத் திட்டியிருக்கிறேன். இப்போது மெல்போர்னில் ஒரு சரக்குக் கிடங்கின் மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறான்.

அவன் நம் தளத்தை ட்ரூபல் 7 என்பதில் செய்தான். ட்ரூபல் என்றால் என்ன என்று என் நாத்தனார் மூன்று தடவை கேட்டுவிட்டார்கள், ஆகவே சொல்கிறேன். கல்யாண மண்டபம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடை, சமையலறை, பந்தி ஹால், நாற்காலி எல்லாம் தயாராக இருக்கும். நாம் போய்ப் புழங்க வேண்டியதுதான். ஆனால் நம் வீட்டு வழக்கத்துக்கென்று சில சாமான்கள் மண்டபத்தில் இருக்காது, அதை நாமே கொண்டுபோய்க் கட்டிக்கொள்ள வேண்டும். அப்படி நாமே செய்து மாட்டுகிற பகுதிக்கு மாட்யூல் என்று பெயர். மண்டபக்காரர் சுவரில் அங்கங்கே கொக்கி அடித்து வைத்திருப்பார், அதில்தான் மாட்டணும். ட்ரூபலிலும் அதற்குப் பெயர் ஹூக், கொக்கியேதான். பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழக மாணவராக இருந்த ட்ரீஸ் பாய்டார்ட் என்பவர் ஆரம்பித்து 2001-இல் எல்லோருக்கும் இலவசமாக விட்டது. அவர் டச்சு மொழியில் கிராமம் என்று பொருள்படும் சொல்லை இணைய முகவரியாகப் பதிய நினைத்து, எழுத்தை மாற்றி அடித்து, துளி என்று பொருள் வரும்படி ஆகிவிட்டதாம். அந்தத் துளியிலிருந்துதான் ட்ரூபல் என்ற பெயர். இவ்வளவு பெரிய சாமான் ஒரு தட்டச்சுப் பிழையில் பெயர் வாங்கியது என்று படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நானும் நிறையப் பிழை அடிக்கிறவள்.

நம் பையன் மூன்று மாட்யூல் எழுதினான். ஒன்று பேரேடு: யார் எவ்வளவு வாங்கினார், எவ்வளவு கட்டினார், பாக்கி எவ்வளவு. இரண்டாவது ரசீது. மூன்றாவது பெயர்த் தேடல். பதினோரு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அவன் 2019-இல் ஆஸ்திரேலியா போன பிறகு நான்தான் பார்த்துக்கொண்டேன். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சருக்கு பி.எச்.பி. படிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. கஷ்டம் எல்லாம் கண்ணுக்குத்தான்.

பிறகு மண்டபத்தை இடிக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. 2011 ஜனவரி 5-ஆம் தேதி வந்த ட்ரூபல் 7-க்கு 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு ஆதரவு முடிகிறது, அதற்குப் பிறகு ஓட்டை கண்டுபிடித்தாலும் அடைத்துத் தரமாட்டோம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. முதலில் 2021 நவம்பர் என்றார்கள், கொரோனா வந்ததும் 2022 ஆக்கினார்கள், அப்புறம் 2023, கடைசியாகத்தான் 2025. உலகம் முழுக்க என்னை மாதிரித் தள்ளிப்போட்டவர்கள் அவ்வளவு பேர்! இடம் வாடகைக்குக் கொடுக்கும் கம்பெனியும் பழைய பி.எச்.பி.யை எடுத்துவிடப் போகிறோம் என்று எழுதிவிட்டது. பணக்கணக்கு இருக்கிற தளத்தைப் பூட்டில்லாத வீட்டில் வைக்க முடியுமா? அதுவும் 2019-இல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில் இருந்துகொண்டு?

பெங்களூரில் இருக்கும் என் அண்ணன் மகன் சொன்னான்: "அத்தை, இதுக்கெல்லாம் ஒரு எக்செல் ஷீட் போதும்." அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. மெல்போர்ன்காரன், "நான் லீவு போட்டுச் செஞ்சு தர்றேன் டீச்சர்" என்றான். அவனுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்த இடத்தில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை.

2024 ஜூனில் ஆரம்பித்தேன். ட்ரூபல் 7-லிருந்து 10-க்கு. நடுவில் 8, 9 இருக்கின்றன. ஆனால் படிப்படியாக ஏறுகிற ஏற்றம் கிடையாது. 2015 நவம்பரில் 8 வந்தபோதே அஸ்திவாரத்திலிருந்து மாற்றிக் கட்டிவிட்டார்கள், சிம்ஃபனி என்ற வேறொரு கட்டமைப்பின் பாகங்களை எடுத்து. அதனால் 7-இல் இருக்கிற தளம் அப்படியே மேலே போகாது. பக்கத்தில் காலியாக ஒரு புதுத் தளம் எழுப்பி, பழையதிலிருந்து சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வந்து வைக்க வேண்டும். அதற்கு மைக்ரேட் என்று உள்ளேயே ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். கட்டுரை, படம், உறுப்பினர் பெயர் போன்ற பொதுச் சாமான்களை அது தூக்கி வந்துவிடும். நாமே எழுதிய மாட்யூலின் நிரலை அது தூக்காது. அதைத் திரும்ப எழுதத்தான் வேண்டும்.

பழைய கொக்கிகளில் பாதி சுவரிலேயே இல்லை. எந்த முகவரிக்கு எந்தப் பக்கம், அதை யார் பார்க்கலாம் என்பதையெல்லாம் பையன் ஒரே ஃபங்ஷனில் எழுதி வைத்திருந்தான். இப்போது அது ஒரு தனிக் கோப்பு, பக்கத்தை உண்டாக்குவது வேறொரு கோப்பில் ஒரு கிளாஸ், அந்தக் கோப்பு எந்த ஃபோல்டரில் எந்தப் பெயரில் இருக்க வேண்டும் என்று ஒரு சட்டம். பெயரில் ஒரு பெரிய எழுத்து சின்ன எழுத்தாகிவிட்டால் 'அப்படி ஒருவர் இங்கே இல்லை' என்று சொல்லிவிடும். யாமல் என்று ஒரு கோப்பு வகை. அதில் வரி எத்தனை இடைவெளி தள்ளி ஆரம்பிக்கிறது என்பதுதான் அர்த்தமே. இரண்டு ஸ்பேஸ் என்றால் இரண்டு ஸ்பேஸ். டேப் பட்டனைத் தட்டினால் கோப்பு முழுவதையும் திருப்பி அடிக்கும். முப்பத்து நாலு வருஷம் "மார்ஜின் விட்டு எழுது, மார்ஜின் விட்டு எழுது" என்று உங்கள் உயிரை எடுத்தேன் அல்லவா, அறுபத்தைந்து வயதில் எனக்கு ஒரு டீச்சர் கிடைத்தது. ஒரு டேப்புக்காக ஒரு நாள் முழுக்கத் தேடினேன். கிடைத்தபோது மொட்டை மாடிக்குப் போய் மலைக்கோட்டையைப் பார்த்து நின்றுவிட்டு வந்தேன்.

பெயர்த் தேடலில் ஒரு வேடிக்கை. தமிழில் 'பொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியைக் கணினிக்குள் இரண்டு விதமாக வைக்கலாம். ஒரே குறியாக வைப்பது ஒன்று. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைப்பது இன்னொன்று. திரையில் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது, கணினிக்கு மட்டும் இரண்டும் வேறு. ஒவ்வொருவர் கீபோர்டும் ஒவ்வொரு விதம். அதனால் ஒரே பொன்னுச்சாமி இரண்டு பொன்னுச்சாமியாகி, ஒருவர் கடன் வாங்கியிருக்கிறார், இன்னொருவர் கட்டியிருக்கிறார்! பழைய மாட்யூலில் இதைச் சரிசெய்ய ஒரு சின்ன ஃபங்ஷன் இருந்தது. புதியதில் யூனிகோட் வழக்கப்படி பி.எச்.பி.யே ஒன்றாக்கித் தருகிறது, ஒரே வரி. 'ஔ' போடத் தெரியாமல் 'ஒ' பக்கத்தில் 'ள' போட்டு எழுதியிருந்த ஔவையார் தெருக்காரர்களை மட்டும் கையால் திருத்தினேன். தமிழ் ஐயா இருந்திருந்தால் முட்டி போட வைத்திருப்பார்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். அடுத்தது அப்படி இல்லை.

பேரேட்டில் 214 கணக்கு. ஒவ்வொன்றுக்கும் 'நிலை' என்று ஒரு கட்டம், அதில் ஓர் எண். 0 என்றால் பாக்கி. 1 என்றால் கொஞ்சம் கட்டியிருக்கிறார். 2 என்றால் முழுக்கக் கட்டியாச்சு. புதுத் தளத்தில் எண்ணுக்குப் பதிலாகச் சொல்லே வைத்தேன். ஆகவே எடுத்து வரும்போது 0 வந்தால் இன்ன சொல், 1 வந்தால் இன்ன சொல் என்று ஒரு சின்ன அட்டவணை எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதினேன். ஓட்டினேன். 203 வந்தது. 11 விடப்பட்டது என்று காட்டியது.

ஏன் விட்டாய் என்று கேட்டால் அது சொல்லும், அந்த நல்ல குணம் அதற்கு உண்டு. பதினோரு கணக்கிலும் நிலை 9 என்று இருக்கிறது, 9-க்கு என்ன போடுவது என்று நீங்கள் சொல்லவில்லை, அதனால் தொடவில்லை என்றது. எவ்வளவு நேர்மையான பதில் பாருங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி நின்றது.

நான் என்ன செய்தேன்? ராத்திரி பதினொன்றரை மணி. அன்றைக்குக் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். 0, 1, 2 இருக்கிற இடத்தில் 9 எப்படி வரும்? பையன் ஆரம்பத்தில் சோதனைக்குப் போட்டு விட்டிருப்பான் என்று நினைத்தேன். அந்தப் பதினோரு பெயரையும் திறந்து ஒருமுறை பார்த்திருந்தால் போதும், எண்ணி ஐந்து நிமிஷ வேலை. பார்க்கவில்லை. 'அட்டவணையில் இல்லாத எண் எது வந்தாலும் பாக்கி என்று வை' என்று ஒரு வரி சேர்த்தேன். அதற்கு அந்தக் கருவியில் இடம் இருக்கிறது. போட்டதை அழித்துவிட்டுத் திரும்ப ஓட்டலாம், ரப்பர் மாதிரி அதற்கும் ஒரு கட்டளை உண்டு. அழித்தேன், ஓட்டினேன். 214-க்கு 214. கொடுத்த மொத்தம், வந்த மொத்தம், பழைய தளத்தோடு ரூபாய் சுத்தமாக ஒத்துப்போனது. ஹார்லிக்ஸ் குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

புத்தகத்தின் கடைசியில் இருக்கும் விடையைப் பார்த்துவிட்டு, அந்த விடை வருகிற மாதிரி நடுவில் ஒரு வரியைச் சொருகுவீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கு நான் எத்தனை பேரை பெஞ்ச் மேல் ஏற்றியிருக்கிறேன் என்றும் ஞாபகம் இருக்கும். நான் செய்தது அதேதான். எண்ணிக்கையும் தொகையும் ஒத்துப்போனால் ஒன்றும் காணாமல் போகவில்லை என்று மட்டும்தான் தெரியும். அந்தக் கட்டத்துக்குள் இருந்தது என்ன என்பது அந்தக் கூட்டலில் வராது.

புதுத் தளம் டிசம்பர் முதல் தேதி திறந்தது. நிறையப் பேர் வாழ்த்தினீர்கள், கண் பட்டுவிட்டது என்று சொல்லலாம், ஆனால் அது பொய். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாக்கி உள்ளவர்களுக்குத் தானாக ஒரு மெயில் போகும், பழைய தளத்திலும் உண்டு. க்ரான் என்று சொல்வார்கள், கடிகாரத்துக்குத் தகுந்தபடி ஓடுகிற வேலை. அந்தக் கொக்கி மட்டும் புது மண்டபத்திலும் அதே இடத்தில் அதே பெயரில் இருந்தது. இருந்ததனாலேயே பழைய நிரலை நான் திறந்து படிக்கவில்லை. சின்ன வேலைதானே என்று என் பாட்டுக்குப் புதிதாக எழுதிவிட்டேன். சோதனை பார்க்கும்போது தவறிப்போய் யாருக்கும் மெயில் போய்விடக் கூடாது என்று மெயிலை அடைத்து வைத்திருந்தேன். அதனால் யார் யாருக்குப் போகப் போகிறது என்ற பட்டியல் என் கண்ணில் படவே இல்லை.

முதல் வாரத்தில் ஒரு நாள் விடியற்காலை போய்விட்டது. அன்று சாயங்காலம் ஒரு பையன் பதில் போட்டான்: "டீச்சர், அப்பாவுக்கு ஆபரேஷன் ஆனப்ப நீங்களே வேண்டாம்னு சொன்னீங்களே. பரவாயில்ல, பொங்கலுக்குள்ள அனுப்பிடறேன்." எனக்கு ஏதோ தட்டியது. ஆனால் என்ன என்று பிடிபடவில்லை. காலையில் பார்ப்போம் என்று படுத்தேன்.

காலையில் எட்டரை மணிக்கு வாசலில் ஓர் அம்மா. ஆர்.எம். காலனியில் வீடு வீடாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். நிலக்கோட்டைப் பக்கம். பூ எடுக்கிற வேலை. முதல் பஸ்ஸில் ஏறி வந்திருக்கிறார்கள். முகத்தைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. 2018-இல் அந்த வீட்டு வாசலில், பந்தலுக்கு அடியில், நான் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அவர்கள் மகன் 2016-இல் பாலிடெக்னிக் சேர 18,000 ரூபாய் வாங்கினான். படிக்கும்போதே சாயங்காலம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து 3,500 திருப்பிக் கட்டினான். யாரும் கேட்காமலே. வத்தலக்குண்டு ரோட்டில் வண்டி மோதி இறந்தபோது அவனுக்கு இருபது வயது.

அவன் ஃபோனை இப்போது தங்கச்சிதான் வைத்திருக்கிறாள். அவன் மெயிலை அவள் இன்னும் மூடவில்லை. அந்த ஃபோனில், அவன் பெயரைச் சொல்லி, 'அன்புள்ள' என்று ஆரம்பித்து, 14,500 ரூபாய் பாக்கி இருப்பதை அன்போடு நினைவூட்டுகிறோம் என்று நம் மெயில் போயிருக்கிறது. அந்த வாசகத்தை எழுதியவள் நான்தான். அன்போடு என்ற சொல்லை யோசித்துப் போட்டவளும் நான்தான்.

அம்மா உட்காரவில்லை. முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்து 4,000 ரூபாயை மேசை மேல் வைத்தார்கள்.

"இப்ப இவ்வளவுதான் டீச்சரம்மா இருக்கு. மிச்சத்தத் தை கழிச்சுக் குடுத்துடறோம்."

நான் என்னென்னவோ சொன்னேன். கம்ப்யூட்டர் தப்பாகப் போட்டுவிட்டது என்றுகூட ஒரு வார்த்தை என் வாயில் வந்துவிட்டது. உடனே, இல்லை, நான்தான் தப்பாகப் போட்டேன் என்று மாற்றிச் சொன்னேன். அவர்கள் அழவில்லை. கோபம்தான்.

"ஆறு வருஷம் கழிச்சு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாம்மா? அன்னிக்கு வந்து உக்காந்து, இந்தக் காச நாங்க கேக்கவே மாட்டோம்னு சொன்னீங்க. நாங்க கேட்டமா, சொல்லுங்கன்னு? நீங்களாத்தான் சொன்னீங்க."

சொன்னேன். நானாகத்தான் சொன்னேன். காபியும் குடிக்கவில்லை. பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள வைப்பதற்குள் அரை மணி நேரம் ஆயிற்று. காமராஜர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆட்டோவில் கூடவே போனேன். பஸ் ஏறும்போது கேட்டார்கள்: "அவம் பேருக்கு நேரா அதுல என்னா எழுதியிருக்கு?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவன் பெயருக்கு நேராக ஒரு எண்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து மெல்போர்னுக்கு ஃபோன் போட்டேன். அங்கே பிற்பகல். ஒன்பது என்றால் என்னடா என்று கேட்டேன். ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தான். "டீச்சர், அது உங்க ஒன்பது. நீங்க ஃபோன்ல, இந்த வீட்ல இனிமே கேக்காதடான்னு சொல்வீங்க. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டீங்க. அதுக்குன்னு வச்சது. க்ரான்ல எழுதி வச்சிருக்கேனே."

பழைய நிரலைத் திறந்தேன். அங்கேதான் இருந்தது. நான் படிக்காமல் விட்ட அந்தச் சின்ன ஃபங்ஷனில், மூன்றாவது வரி. நிலை 9 என்றால் தாண்டிப் போ. பக்கத்தில் தமிழில் ஒரு குறிப்பு: '9 = டீச்சர் சொன்னது. கேட்கக் கூடாது.'

"எங்கப்பா பூட்டு செஞ்சா சாவி மட்டும்தான் குடுப்பார் டீச்சர், எப்படிச் செஞ்சார்னு எங்கயும் எழுத மாட்டார். நான் அப்படி இருக்கக் கூடாதுன்னுதான் எழுதி வச்சேன்" என்றான். நீங்கள் படிக்கவில்லை என்று அவன் சொல்லவில்லை. வளர்த்த பிள்ளை, சொல்லமாட்டான்.

அன்றைக்கே பதினோரு பேருக்கும் ஃபோன் போட உட்கார்ந்தேன். எட்டுப் பேரிடம் பேசிவிட்டேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதை, எதையும் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு பெண்ணின் மெயிலை அவள் வீட்டில் வேறு யாரோ படித்து, இப்படி ஒரு கடன் இருப்பதே தெரியாமல் இருந்த இடத்தில் பேச்சாகிவிட்டது. அவள் என்னிடம், "விடுங்க டீச்சர்" என்றாள். அந்த 'விடுங்க' எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது தளத்தில் என்ன செய்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பொறுப்பில் இருக்கிறவர்கள் சரிபார்க்க வசதியாக இருக்கும். நிலைக் கட்டத்தில் 'கேட்க வேண்டியதில்லை' என்று நான்காவதாக ஒரு சொல் முறையாகச் சேர்ந்துவிட்டது. அதை வைக்கும்போது யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது என்று எழுதாமல் சேமிக்கவே முடியாது. காரணம் எழுத வேண்டியதில்லை. அட்டவணையில் இல்லாத எண் வந்தால் பாக்கி என்று வை என்ற அந்த வரியை எடுத்துவிட்டேன். தெரியாதது வந்தால் இனி நிற்கும். மெயில் தானாகப் போகாது. பட்டியல் ஒரு பக்கத்தில் வந்து காத்திருக்கும், என்னைத் தவிர இன்னொருவரும் ஒவ்வொரு பெயராகப் பார்த்துச் சரி என்று அழுத்தினால்தான் போகும். அந்த இன்னொருவராக இருக்க 1998-ஆம் வருஷத்துப் பிள்ளை ஒருத்தி ஒப்புக்கொண்டிருக்கிறாள். ட்ரூபல் 10-க்கும் ஆயுள் 2026 வரைதான், அதற்குள் 11-க்குப் போக வேண்டும். அது இந்த அளவு இடித்துக் கட்டுகிற வேலை இல்லை, வழக்கொழிந்தவற்றை மாற்றினால் போதும். அப்போது மெல்போர்ன்காரன் கூடவே உட்காருவான். வேண்டாம் என்று இந்தத் தடவை நான் சொல்லவில்லை.

நிலக்கோட்டை அம்மாவிடம் பத்து நாள் கழித்துப் பேசினேன். மகன் பெயரை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். எடுக்க வேண்டாம் என்றார்கள். அப்படியானால் நேராக என்ன எழுதட்டும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் யாரோ கூடையை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது.

"கட்டியாச்சுன்னு எழுதுங்க" என்றார்கள்.

கட்டாததைக் கட்டியாச்சு என்று எழுத எனக்குக் கை வராது. இன்னொரு தடவை விடைக்காக வழியைச் சொருக மாட்டேன். ஆகவே டிசம்பர் பென்ஷனிலிருந்து 14,500 ரூபாயை அந்தக் கணக்கில் நானே கட்டிவிட்டேன். ரசீது மாட்யூலில் கட்டியவர் பெயர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கும், அது அம்மாவுக்குத் தெரியாது. பதிவை அவர்களிடம் படித்துக் காட்டிவிடாதீர்கள். நிதியின் பொறுப்பில் இருக்கிறவர்களில் யாருக்காவது இதில் ஆட்சேபணை இருந்தால் கூட்டத்தில் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன், ஆனால் மாற்ற மாட்டேன். பணம் கட்டிவிட்டேன் என்பதற்காக இந்தப் பதிவின் அடியில் யாரும் பாராட்டி எழுதவும் வேண்டாம். அது அபராதம்.

இன்னும் மூன்று பேர் பாக்கி. பதினொன்றில் எட்டுப் போக மீதி. அவர்களின் பழைய நம்பர் எதுவும் இப்போது எடுக்கவில்லை. அதைவிட மோசம், அந்த மூன்று பேரிடம் கேட்காதே என்று நான் எதற்காகச் சொன்னேன் என்பது எனக்கே ஞாபகம் வரவில்லை. 2014-க்கும் 2017-க்கும் நடுவில் சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான் தெரிகிறது. ஒருவன் சின்னாளபட்டி, ஒருத்தி ஒட்டன்சத்திரம், இன்னொருவன் திண்டுக்கல் டவுனேதான். அந்த மூவரில் ஒருவர் நீங்கள் என்றால், டிசம்பரில் வந்த மெயிலைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், நான் அன்றைக்குச் சொன்ன வார்த்தை அப்படியே இருக்கிறது. ஒருமுறை என்னைக் கூப்பிடுங்கள், திட்டுவதற்காவது. இங்கே கமெண்டில் எழுத வேண்டாம், ஃபோனில் கூப்பிடுங்கள். பழைய நம்பர்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.